பெயர்ப்பலகை மாறியது, தாய்ப்பத்திரம் எங்கே?

போர்ட் பிளேர் என்று எழுதினால் கோபித்துக்கொள்ள இப்போது ஆள் இருக்கிறது. 2024 செப்டம்பர் 13-ஆம் தேதி இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். ஆபீஸ் காகிதத்தில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். வங்கி உத்தியோகம்; சுற்றறிக்கை என்ன சொல்கிறதோ அதுதான் வேதம். அபர்தீன் பஜாரில் மீன் வாங்கும்போதும் ஜெட்டியில் ஆட்டோ பிடிக்கும்போதும் மட்டும் வாய் பழைய பெயரைத்தான் சொல்கிறது. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் அப்படித்தான்.

அறிவிப்பு வந்த அன்று ராத்திரி என் கைப்பேசி ஓயவில்லை. தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் புலிக்கொடி பறந்தது. திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "ஏல, நம்ம ராஜேந்திர சோழன் பேரை உங்க ஊருக்கு வச்சிட்டாங்களாமே, சந்தோசமாலா?" என்றார். மஸ்கட்டில் இருக்கும் கல்லூரி நண்பன் "சோழர் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் அதிகாரிக்கு வணக்கம்" என்று அனுப்பினான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உள்துறை அமைச்சரின் அறிவிப்பிலேயே இரண்டு காரணம் இருந்தது. விஜயம் என்றால் சுதந்திரப் போராட்டத்தின் வெற்றி என்பது ஒன்று. இந்தத் தீவுகள் ஒரு காலத்தில் சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்தன என்பது இன்னொன்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீவிஜயம் என்பது யாருடைய ராஜ்யம்? சுமத்திராவில் பாலெம்பாங்கை மையமாக வைத்துக் கடல் வாணிகத்தைக் கையில் வைத்திருந்த ராஜ்யம். 1025 வாக்கில் ராஜேந்திரன் கப்பல் கப்பலாகப் படை அனுப்பி அடித்தது அந்த ராஜ்யத்தைத்தான். கடாரம் கொண்டான் என்ற பட்டம் வந்ததும் அந்தப் படையெடுப்பில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கும் அவனுடைய மெய்க்கீர்த்தியில் வென்ற இடங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. ஸ்ரீவிஜயம் அதில் முன்னால் நிற்கிறது. மாநக்கவாரம், அதாவது இன்றைய நிக்கோபார், கடாரத்துக்குச் சற்று முன்னால், பட்டியலின் முடிவில் வருகிறது. பிடித்த இடங்களில் ஒன்றாகத்தான் வருகிறது. தளம் அமைத்தான், துறைமுகம் கட்டினான் என்றெல்லாம் அதில் இல்லை. தான் போய் அடித்து நொறுக்கிய ராஜ்யத்தின் பெயரைத் தன் ஞாபகார்த்தமாக ஓர் ஊருக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த மனுஷன் என்ன செய்வான்? பொன்னியின் செல்வனை நாலு தடவை படித்த நம் ஆட்களில் ஒருவராவது இதைக் கேட்டிருக்க வேண்டாமா? ஒருவரும் கேட்கவில்லை. இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அப்போ வெள்ளைக்காரன் பேரே இருக்கட்டும்ங்கிறீங்களா சார்?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. சில பெயர்கள் ஒரு நாள்கூட இருந்திருக்கக் கூடாது.

ஹாவ்லாக், நீல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் செல்லுலார் சிறையைப் பார்த்த கையோடு அடுத்த நாள் காலைக் கப்பலில் போகிற இடங்கள். அந்தத் தீவுக் கூட்டத்துக்கு ரிச்சிஸ் ஆர்ச்சிபெலாகோ என்று பெயர். அதிலிருக்கும் மற்ற தீவுகளின் பெயர்களையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: அவுட்ரம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நிக்கல்சன், வில்சன், பீல். அத்தனையும் 1857 கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைத் தளபதிகள், அதிகாரிகள். 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். தண்டனைக் குடியேற்றத்தின் ஆரம்பம் அதுதான். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைப்பதற்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிடிபட்டவனைத் தீவில் அடைத்துவிட்டு, பிடித்தவன் பெயரைப் பக்கத்துத் தீவுக்கு வைத்தார்கள். இந்தக் குரூரம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை.

அதிலும் நீல் நம் ஆள். கோபப்படாதீர்கள், மதராஸ் படைக்காரன் என்று சொல்ல வருகிறேன். ஜேம்ஸ் நீல் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்ற வெள்ளைப் பட்டாளத்தை இங்கிருந்து வடக்கே கூட்டிக்கொண்டு போனவன். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவன் விசாரணை இல்லாமல் தொங்கவிட்டவர்களின் கதையை வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தூக்கில் போடுமுன் தரையில் உறைந்திருந்த ரத்தத்தை நாவால் நக்கச் சொன்னவன். 1857 செப்டம்பரில் லக்னோவில் செத்தான். அவனுக்கு மதராஸ் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அந்தச் சிலையை எடு என்று சத்தியாகிரகம் நடந்தது. முன்னால் நின்றவர் எங்கள் திருநெல்வேலிக்காரர் சோமயாஜுலு. சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு போய்த் தொண்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும்தான் சிலை இறங்கியது. இன்றைக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கவனியுங்கள், சிலையை யாரும் உருக்கவில்லை. சாலையிலிருந்து எடுத்து மியூசியத்தில் வைத்தார்கள். இன்னார் இன்னது செய்தான் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட முடிகிறது. நான் கேட்பது அதுதான். நீல் தீவுக்கு 2018 டிசம்பர் 30 அன்று ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள், நல்லது. ஆனால் இன்றைக்கு அந்தத் தீவில் மணலில் விளையாடும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு நீல் யார் என்று சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை. பழைய பெயரோடு அவன் செய்ததும் அழிந்துபோனால் லாபம் யாருக்கு? நீலுக்குத்தான்.

கடன் பிரிவில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். வீட்டுக் கடனுக்கு ஒருவர் வருகிறார். கையில் அவர் பெயரில் பத்திரம் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து நாங்கள் பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் கேட்போம். அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது, அவருக்கு எப்படி வந்தது, நடுவில் அடமானம் உண்டா, வாரிசு யாராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறார்களா என்று வில்லங்கச் சான்று போட்டு வருஷக்கணக்கில் பின்னால் போவோம். நடுவில் ஒரு பத்திரம் காணவில்லை என்றால் வக்கீல் கருத்து எழுத மாட்டார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். பிடிக்காத பத்திரம் என்பதற்காகக் கிழித்துப் போட்டால் வில்லங்கம் தீராது, மறைந்துதான் போகும்.

இந்தப் புதுப் பத்திரத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஷஹீத், ஸ்வராஜ் என்ற பெயர்கள் நேதாஜி கொடுத்தவை. ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1943 டிசம்பர் 30 அன்று அவர் இங்கே ஜிம்கானா மைதானத்தில் கொடி ஏற்றினார். அவர் ஷஹீத் என்று சொன்னது அந்தமான் முழுவதற்கும். ஸ்வராஜ் என்றது நிக்கோபார் முழுவதற்கும். 2018-ல் அந்த ஷஹீதைச் சுருக்கி நீலுக்கும், நிக்கோபாருக்குரிய ஸ்வராஜை அந்தமானில் இருக்கும் ஹாவ்லாக்குக்கும் எழுதினார்கள். சர்வே நம்பர் மாற்றி எழுதிய பத்திரம்! எங்கள் கிளையில் ஒரு கிளார்க் இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டு மெமோ போயிருக்கும்.

நல்ல பெயர் மாற்றமும் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ஹாரியட் என்ற மலை. ஹாரியட் என்பது இங்கே கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் மனைவி பெயர். 2021 அக்டோபரில் அதை மவுண்ட் மணிப்பூர் என்று மாற்றினார்கள். ஏன் மணிப்பூர்? 1891 யுத்தத்தில் தோற்ற மணிப்பூர் மகாராஜா குலசந்திரனையும் அவருடைய ஆட்களையும் இங்கே கொண்டுவந்து காவலில் வைத்திருந்தார்கள். ஆள் இருந்தான், வருஷம் இருக்கிறது, இடம் இருக்கிறது. தாய்ப்பத்திரத்தோடு வந்த மாற்றம். இதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை.

இனி மற்ற கட்சிக்காரர்கள். "என்ன சார் இருந்தாலும் அவன் கட்டிய ஊர், பேரை மாற்றலாமா" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. ராஸ் தீவுக்குக் கூட்டிப் போனால் பேக்கரி, தேவாலயம், நீச்சல்குளம் என்று இடிபாடுகளைக் காட்டி "கிழக்கின் பாரீஸ்" என்பார்கள். கட்டியவன் அவனில்லை ஐயா, காலில் விலங்கு போட்ட கைதி கட்டினான். அவன் வைத்த பெயர்களையாவது சரியாகப் படிக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. படித்தால் எவ்வளவோ தெரியும்.

சாத்தம் என்றால் நமக்கு மரம் அறுக்கும் மில், பாம்பூஃப்ளாட்டுக்குப் படகு ஏறும் துறை. இங்கிலாந்தில் சாத்தம் என்பது கென்ட் மாவட்டத்தில் மெட்வே ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். அரசாங்கக் கப்பல் கட்டும் துறை அங்கே பல நூற்றாண்டு இருந்தது. நெல்சனின் விக்டரி கப்பலைக் கட்டியது அங்கேதான். 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றத்தைத் தொடங்கியது இந்தச் சாத்தம் தீவில். தலை எழுத்திலேயே தெரிகிறது, வந்தவனுக்கு வேண்டியது துறைமுகம், ஊர் இல்லை. அந்த முதல் குடியேற்றத்தை வடக்கே கொண்டுபோய், காய்ச்சலில் ஆட்கள் செத்து, 1796-ல் மூட்டை கட்டிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

அபர்தீன் ஸ்காட்லாந்தில் டீ, டான் என்ற இரண்டு ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். ஹாவ்லாக் பிறந்த சண்டர்லாந்து, வியர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே அவனுக்குச் சிலை உண்டு, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலும் உண்டு. நீலின் சொந்த ஊர் ஏர், ஏர் என்ற ஆற்றின் பெயரையே ஊருக்கு வைத்தது. அங்கேயும் அவனுக்குச் சிலை. இங்கிலாந்தில் குடியிருந்து இதைப் படிக்கும் நம் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போனால், இந்தக் கோடியில் இருக்கும் தீவின் கதையை அங்கேயே நின்று சொல்லலாம். கூட்டிப் போவார்களா? டூட்டிங்கில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு பக்கத்தில் ஓடும் வாண்டில் ஆற்றின் பெயர் தெரியாதவர்களை எனக்குத் தெரியும். ஈஸ்ட் ஹாம் ஆட்களிடம் ரோடிங் ஆறு என்று சொல்லிப் பாருங்கள், பஸ் நம்பரா என்பார்கள். தாமிரபரணிக்குக் கண்ணீர் விடுவோம், குடியிருக்கிற இடத்தின் தண்ணீர் எங்கே போகிறதென்று பார்க்க மாட்டோம். இங்கேயும் அதே லட்சணம்தான், அதனால்தான் சொல்கிறேன்.

அபர்தீனில் 1859 மே மாதம் ஒரு சண்டை நடந்தது. கிரேட் அந்தமானியர்கள், அதாவது இந்த மண்ணின் ஆட்கள், வில் அம்போடு குடியேற்றத்தின் மேல் பெரும் கூட்டமாகப் பாய்ந்தார்கள். தப்பி ஓடி அவர்களோடு காட்டில் ஒரு வருஷம் குடித்தனம் நடத்திய தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே வந்து வெள்ளைக்காரனிடம் சொல்லிவிட்டான். துப்பாக்கி தயாராக இருந்தது. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்ததை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். 1877-ல் தட்டம்மை வந்து வாரிக்கொண்டு போனது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். பத்துக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. இந்தப் பட்டணம் இருக்கும் இடம் அகா-பியா என்ற குழுவினருடையது. அந்தப் பேச்சைப் பேச இன்றைக்கு ஒருவரும் இல்லை. போ என்ற மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் என்ற பாட்டி 2010 ஜனவரி 26 அன்று இதே ஊரில் காலமானார். அன்றைக்குக் குடியரசு தினம், மைதானத்தில் அணிவகுப்பு நாள்.

இந்த ஊருக்குப் பெயர் மாற்ற உரிமை யாருக்காவது இருக்கிறதென்றால் அந்தப் பாட்டியின் வாரிசுகளுக்கு. ஏதோ ஐம்பதுக்கும் கொஞ்சம் மேலே பேர் மிச்சமிருக்கிறார்கள், ஸ்ட்ரெய்ட் தீவிலும் இந்த ஊரிலுள்ள ஆதி பசேராவிலும். அவர்களைக் கூப்பிட்டு உங்கள் பேச்சில் இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு, அதை ஒரு பலகையில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி வருஷக்கணக்காக அவர்களோடு உட்கார்ந்து அகராதியே தொகுத்திருக்கிறார். தேடி எடுக்க வேண்டிய வேலைகூட இல்லை.

அது கிடக்கட்டும். வெள்ளைக்காரன் அடையாளத்தைத் துடைக்கிறோம் என்கிறார்களே, ஜங்கிலிகாட் என்று ஒரு பேட்டை ஊருக்கு நடுவில் இருக்கிறதே, அதன் பக்கம் யாரும் வரவில்லை. ஜங்கிலி என்றால் காட்டான். அந்தமானியர்களைக் குறித்துக் காட்டான் துறை என்று வைத்த பெயர். கவர்னர் ஜெனரல், தளபதி பெயரெல்லாம் சுதந்திர இந்தியாவுக்குக் கூசுகிறது, இது கூசவில்லை. ஜாரவா என்ற பெயர்கூட அவர்களுடையது இல்லை. அகா-பியாக்காரர்கள் வேற்று ஆள் என்ற அர்த்தத்தில் சொன்ன வார்த்தை. அவர்கள் தங்களை ஆங் என்று சொல்லிக்கொள்கிறார்கள், மனுஷர் என்று பொருள். சொன்ன மொழி செத்துவிட்டது, பட்டப்பெயர் மட்டும் அரசாங்க உத்தரவுகளில் உயிரோடு இருக்கிறது. லிட்டில் அந்தமானை ஓங்கேக்கள் காவ்போலாம்பே என்கிறார்கள். கார் நிக்கோபாருக்கு அந்த ஊர்க்காரர் பேச்சில் பூ என்று பெயர். கச்சல் தீவு திஹான்யு. நான் இங்கே பார்த்த தமிழ் வீடுகளில் இந்தப் பெயர்களில் ஒன்றையாவது சொன்ன பிள்ளை ஒன்றும் இல்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியில் மட்டும் "எங்கள் சோழன் ஆண்ட தீவு" என்று முழங்குகிறது. எழுதிக் கொடுத்தது அப்பா அம்மாதான்.

நக்கவாரம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு அம்மணர்கள் இருக்கும் இடம் என்றுதான் பலரும் பொருள் சொல்வார்கள். அதுவும் கப்பலில் போனவன் தூரத்தில் நின்று வைத்த பெயர்தான். ஜங்கிலிகாட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

நமக்கு இங்கே உண்மையான சரித்திரம் இல்லாமல் இல்லை. சோழன் அளவுக்கு ஜரிகை இல்லை, அவ்வளவுதான். டென்மார்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிக்கோபாரைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு அதை நிர்வாகம் செய்தது எங்கிருந்து? நம் தரங்கம்பாடியிலிருந்து. தரங்கம்பாடியை 1845-ல் விற்றார்கள், நிக்கோபாரை 1868-ல் விற்றார்கள், இரண்டையும் வாங்கியவன் இங்கிலீஷ்காரன். விற்பனைப் பேச்சில் நிக்கோபார்க்காரனைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். தரங்கம்பாடிக்காரனையும் கேட்கவில்லை. பிறகு 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம். இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்த குடும்பங்களைக் கணக்குப் பார்த்துக் கப்பலேற்றினார்கள். அதில் ஒரு பகுதியை 1970-களில் கச்சல் தீவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று கச்சல். இரண்டு முறை வேரோடு பிடுங்கப்பட்ட தமிழர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு எனக்கு இதுவரை வந்ததில்லை.

மாப்பிள்ளாக்களைப் பாருங்கள். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு தண்டனையாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வந்த இடத்தில் காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று விட்டுவந்த ஊர்களின் பெயரைப் புது ஊர்களுக்கு வைத்துக்கொண்டார்கள். வண்டூர் இன்றைக்குக் கடல் பூங்காவுக்குப் படகு ஏறும் இடம். கைதியாக வந்தவன் வைத்த பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அது அவன் அழுத அழுகை.

இதெல்லாம் வெறும் பெயர்தானே, சோறு போடுமா என்று கேட்பவர்களுக்காகத்தான் கடைசி விஷயம். பெயர் இல்லாத நிலத்தை எடுத்துக்கொள்வது சுலபம். நிலம் எடுக்கிற வேலையைப் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும். வரைபடத்தில் காலி என்று காட்டிவிட்டால் ஆட்சேபணை மனுவுக்கு முகவரியே கிடையாது.

கிரேட் நிக்கோபாரில் கலத்தியா என்று ஓர் ஆறு தெற்கே ஓடிக் கடலில் சேர்கிறது. 1846-ல் அந்தப் பக்கம் வந்த டென்மார்க் கப்பலின் பெயர் அது. ஆறு சேரும் விரிகுடாவின் மணலில் பெரிய தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வருகின்றன. அங்கே இருந்த வனவிலங்குச் சரணாலயத்தை 2021 ஜனவரியில் ரத்து செய்தார்கள். துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் எல்லாம் சேர்ந்த திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். அப்போது சொன்ன மதிப்பு 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போகிறது. அந்தக் காட்டில் இருக்கும் ஷொம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர்.

நிக்கோபாரிகளின் கதை இன்னும் எங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிறது. சிங்கென், கொக்கியோன், புலோ பாஹா, இன் ஹெங் லோய். இவை சுனாமிக்கு முன்னால் அவர்கள் குடியிருந்த ஊர்கள். சுனாமி அடித்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று கேம்பல் பே பக்கம் முகாமுக்குக் கொண்டுவந்து, அங்கே ராஜீவ் நகர், நியூ சிங்கென் என்று வீடு கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் பழங்குடி கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கினார்கள். அதே நவம்பரில் கவுன்சில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்கள் பழைய ஊர்களும் இதற்குள் வருகின்றன என்று எங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுதியது. எந்தச் சொத்தை அடமானம் வைக்கிறோம் என்று சொல்லாமல் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் அந்த ஆவணத்துக்கு என்ன மதிப்பு? பி.காம். இரண்டாம் வருஷ வணிகச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

நமக்கு இதில் பங்கு இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. துறைமுகம் வந்தால் வங்கிகள் கிளை திறக்கும், என்னைப் போன்றவர்களுக்குப் பதவி உயர்வு வரும், நம் ஊர்க் காண்ட்ராக்டர்களுக்கு வேலை வரும், ராமநாதபுரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆள் வரும். பிழைக்கத்தான் வந்திருக்கிறோம், அதில் வெட்கமில்லை. ஆனால் "சோழன் காலத்திலிருந்தே நம் இடம்" என்று சொல்லிக்கொண்டு வந்தால், சிங்கென் என்ற ஊர் ஒன்று இருந்தது நம் கண்ணுக்கே தெரியாது. இதைத்தான் பெயர் மாற்றக் கொண்டாட்டத்தில் நான் பயப்படுவது. பர்மாவிலும் இலங்கையிலும் "இது உங்கள் இடமில்லை" என்று சொல்லித் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு ஊர்க்காரனிடம் அவன் ஊர்ப் பெயரைக்கூடக் கேட்காமல் அவன் இடத்தில் உட்காருவது எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். வருகிற பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் எப்படியும் எல்லாரும் சேருவோம். பிள்ளைகளுக்கான போட்டியில் இந்த வருஷம் ராஜேந்திரனை விட்டுவிடுவோம். நீல் யார், தூத்நாத் திவாரி யார், போவா பாட்டி யார், சிங்கென் எங்கே இருக்கிறது. இந்த நாலில் ஒன்றைப் பேசட்டும். பரிசுப் புத்தகச் செலவு என்னுடையது.

பின்குறிப்பு: ஊரிலிருந்து பார்சல் அனுப்ப எந்தப் பெயரை எழுதுவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். 744101 என்ற பின்கோடு சரியாக இருந்தால் போதும், எந்தப் பெயர் எழுதினாலும் வந்து சேரும். முறுக்கை மட்டும் டப்பாவில் போட்டு அனுப்புங்கள், கப்பலில் வந்தால் நமுத்துப்போகிறது.